காற்றின் கணக்கை எழுதிய கில்பர்ட் வாக்கர்

காற்றைக் கண்ணால் கண்டவர் எவருமிலர். ஆயினும் காற்றை அறியாதவரும் எவருமிலர். சுங்கை பாக்காப் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டி வாழ்ந்த நம் முன்னோர், பொழுது புலருமுன்னரே வானத்தை அண்ணாந்து நோக்கி, அன்றைய தினம் வெட்டு உண்டா இல்லையா என்பதை அறிந்துகொண்டனர். மேற்கே சுமத்ராத் தீவின் பக்கமிருந்து கருமேகம் திரண்டு, விடியற்காலையில் காற்றும் மழையுமாக வந்துவிட்டால் மரப்பட்டை நனைந்துவிடும்; மங்கில் இறங்கிய பால் மழைநீரோடு கலந்து வழிந்துவிடும். அன்றைய கூலியும் அதனோடு போய்விடும். இன்று அம்மரங்கள் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. எனினும், காற்று எப்பொழுது மழையைக் கொணரும், எப்பொழுது கொணராது என்னும் கேள்வி மட்டும் மாறவில்லை.

அக்கேள்விக்கு விடை தேடித் தம் வாழ்நாளில் இருபது ஆண்டுகளை இந்திய மண்ணில் செலவிட்ட பேரறிஞர் ஒருவரின் வரலாற்றை இவ்வாண்டு மலர் வாயிலாக மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோர்களுக்கும் எடுத்துரைக்க விழைகிறோம். அவரே சர் கில்பர்ட் வாக்கர். பிறப்பால் அவர் ஆங்கிலேயர். ஆயினும், அவர் ஆராய்ந்த காற்று நம் மூதாதையரின் வாழ்வைப் புரட்டிப் போட்ட காற்று. அவர் கைகொடுத்து உயர்த்தியோருள் ஒருவர் நம் தமிழகத்துக் கணித மேதை. ஆதலின் அவர் வரலாறு நமக்கு அயலாரின் வரலாறன்று.

காற்று வீசுவது ஏன்?

வாக்கரின் பணியை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், காற்று எவ்வாறு பிறக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அடுப்பில் விறகு எரியும்போது புகை மேலெழுவதை நாம் காண்கிறோம். சூடான காற்று இலேசாகி மேலே எழுகிறது. அவ்விடத்தை நிரப்பச் சுற்றிலுமுள்ள குளிர்ந்த காற்று ஓடிவருகிறது. உலகம் முழுவதும் நிகழ்வதும் இதுவே. பூமியின் நடுவே செல்லும் நிலநடுக்கோட்டுப் பகுதி மிகுந்த வெயிலைப் பெறுகிறது. நம் பினாங்கு அக்கோட்டிற்கு ஏறத்தாழ 5 பாகை வடக்கே உள்ளது. அங்குச் சூடேறிய காற்று மேலெழுந்து, வடக்கும் தெற்குமாகப் பிரிந்து சென்று, ஏறத்தாழ 30 பாகை அளவில் கீழிறங்கி, மீண்டும் தரையை ஒட்டி நிலநடுக்கோட்டை நோக்கித் திரும்புகிறது.

பூமி அசையாது நின்றிருப்பின் இக்காற்று நேராகவே வீசும். ஆனால் பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. அதனால் வட பாதியில் வீசும் காற்று வலப்புறமாகவும், தென் பாதியில் வீசும் காற்று இடப்புறமாகவும் திரும்புகிறது. எனவே திரும்பிவரும் காற்று வடக்கே வடகிழக்கிலிருந்தும், தெற்கே தென்கிழக்கிலிருந்தும் வீசுகிறது. இவற்றையே வியாபாரக் காற்றுகள் என்கிறோம். பூமியின் சுழற்சியே இவற்றின் திசைக்குக் காரணம் என்பதை 1735-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஹாட்லி என்னும் ஆங்கிலேயர் எடுத்துரைத்தார்.

நிலம் விரைவில் சூடேறும். கடல் மெல்லச் சூடேறும். கோடையில் ஆசியப் பெருநிலம் சூடேறுவதால், இந்துமாக்கடலின் ஈரக்காற்று நிலத்தை நோக்கி விரைகிறது. தென்கிழக்கிலிருந்து வரும் அக்காற்று நிலநடுக்கோட்டைக் கடந்ததும் வலப்புறம் திரும்பித் தென்மேற்குப் பருவக்காற்றாகிறது. குளிர்காலத்தில் நிலம் குளிர, காற்றின் திசையும் மாறி வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. பாய்மரக் கப்பல்களில் நாகப்பட்டினத்திலிருந்து கடாரம் எனும் கெடாவுக்கு வந்த தமிழ் வணிகர், ஒரு பருவக்காற்றில் வந்து, மறு பருவக்காற்றுக்குக் காத்திருந்து திரும்பினர். அத்துணை ஒழுங்கோடு வருவது பருவக்காற்று. எனினும் சில ஆண்டுகளில் அது தளர்கிறது, மழை பொய்க்கிறது. அது ஏன்?

மழை பொய்த்த ஆண்டுகள்

1876-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. மறு ஆண்டுக் கோடையிலும் தென்மேற்குப் பருவமழை போதிய அளவு பெய்யவில்லை. தமிழ் ஆண்டுகளில் அது தாது ஆண்டில் தொடங்கியமையால், அக்கொடிய பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்றே நம் மக்கள் வழங்கினர். பல இலட்சம் மக்கள் மாண்டனர். மழையின்மை மட்டுமே அதற்குக் காரணமன்று. மக்கள் பசியால் வாடிய அதே வேளையில் தானியம் கப்பலேறி வெளிநாடு சென்றது என்பதையும் நாம் மறத்தல் கூடாது. ஊரில் வாழ வழியற்றோர் பலர் இலங்கைக்கும் பர்மாவுக்கும் பினாங்குக்கும் கப்பலேறினர். வெல்லஸ்லி மாகாணம் என அந்நாளில் வழங்கிய நம் செபராங் பிறையில் அப்போது கரும்புத் தோட்டங்கள் செழித்திருந்தன. அங்கு உழைக்க வந்த தமிழர் எல்லோரும் பஞ்சத்தால் வந்தவர் அல்லர். ஆயினும், வானம் பார்த்த பூமி வறண்டமையால் ஊரைவிட்டு வந்தோர் அவருள் பலர்.

1875-இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவரான ஹென்றி பிளான்ஃபோர்டு, இமயமலையில் பனி மிகுதியாகப் பெய்த ஆண்டுகளில் பருவமழை குறைவதாகக் கருதி, அதன் அடிப்படையில் மழையை முன்னறிவிக்கத் தொடங்கினார். அவருக்குப்பின் வந்த சர் ஜான் எலியட் அப்பணியைத் தொடர்ந்தார். ஆனால் 1899-இல் நல்ல மழை பெய்யும் என்று அறிவிக்கப்பட்டிருக்க, அவ்வாண்டில் மழை பெரிதும் குறைந்து, மேற்கு இந்தியாவிலும் மத்திய இந்தியாவிலும் மீண்டும் பெரும்பஞ்சம் தலைவிரித்தாடியது. தவறான முன்னறிவிப்பை நம்பி விதைத்தவன், கையிலிருந்த விதை நெல்லையும் இழக்கிறான். இவ்விடுக்கண் நிறைந்த வேளையில்தான் வாக்கர் அப்பொறுப்புக்கு அழைக்கப்பட்டார்.

இளமையும் கல்வியும்

கில்பர்ட் தாமஸ் வாக்கர் 1868-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் பிறந்தார். பிள்ளைகள் நிறைந்த குடும்பம். தந்தையார் ஒரு பொறியாளர். பள்ளிப் பருவத்திலேயே கணிதத்தில் சிறந்து விளங்கிய வாக்கர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியில் பயின்று, 1889-இல் அப்பல்கலைக்கழகக் கணிதத் தேர்வில் அனைவரிலும் முதல்வராகத் தேறினார். அளவிறந்த படிப்பால் அவர் உடல் நலம் குன்றியது. சுவிட்சர்லாந்தின் குளிர் மலைகளில் தங்கி உடலைத் தேற்றிக்கொண்டார்; அங்குப் பனிக்கட்டியின் மீது சறுக்கி விளையாடுவதிலும் வல்லவரானார். படிப்போடு உடல் நலத்தையும் பேண வேண்டும் என்பதை மாணவர்கள் இங்குக் கவனித்தல் நன்று.

1895 முதல் அவர் டிரினிட்டி கல்லூரியில் விரிவுரையாளராகப் பணியாற்றினார். அவருக்குப் பெருவிருப்பமான பொருள் ஒன்றிருந்தது. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் எறியும் பூமராங் என்னும் வளைகோல் அது. நம் தமிழகத்து வளரியை ஒத்தது. கையிலிருந்து எறியப்பட்ட கோல் வானில் வட்டமிட்டு எறிந்தவரிடமே திரும்பி வருவது எப்படி என்பதை அவர் கணித முறையில் ஆராய்ந்து விளக்கினார். கல்லூரி வெளிகளில் அதனை எறிந்து எறிந்து பார்த்தமையால், நண்பர்கள் அவருக்குப் பூமராங் வாக்கர் என்றே பெயரிட்டனர். புல்லாங்குழலின் அமைப்பையும், பறவைகள் சிறகடிக்காமலே வானில் மிதப்பதையும் அவர் ஆராய்ந்தார். எல்லோரும் கண்டு கடந்து செல்லும் சிறு பொருளிலும் அவர் ஒரு வினாவைக் கண்டார்.

சிம்லாவில் தொடங்கிய பெரும்பணி

1904-இல் வாக்கர் இந்திய வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். இமயமலைச் சாரலிலுள்ள சிம்லாவில் அத்துறையின் தலைமையகம் இருந்தது. வியப்பு யாதெனில், அவர் வானிலை நூல் பயின்றவர் அல்லர்; அவருடைய துறை கணிதம். மழையைப் பற்றித் தாம் முன்கூட்டியே எதனையும் முடிவு செய்யாமல், எண்கள் எதனைக் காட்டுகின்றனவோ அதனை ஏற்பதென்று அவர் உறுதிகொண்டார்.

இந்தியாவின் மழையை அறிய இந்திய வானத்தை மட்டும் பார்த்தால் போதாது என்று வாக்கர் எண்ணினார். காற்றுக்கு எல்லைக் கல் இல்லையன்றோ? ஆகவே உலகின் பல பகுதிகளிலிருந்தும் காற்றழுத்தம், வெப்பம், மழையளவு, ஆற்று வெள்ளம் ஆகியவற்றின் பல்லாண்டுப் பதிவுகளைத் திரட்டினார். தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஜாவா, எகிப்து என எங்கெங்கோ இருந்த நிலையங்களின் எண்கள் சிம்லாவுக்கு வந்து சேர்ந்தன.

அவற்றை அவர் எவ்வாறு பயன்படுத்தினார்? எளிய சான்று ஒன்றால் விளக்குவோம். காலையில் மழை பெய்த நாள்களில் வகுப்புக்கு எத்தனை மாணவர் தாமதமாக வந்தனர், பெய்யாத நாள்களில் எத்தனை பேர் என்று ஓராண்டு முழுவதும் எழுதி வைத்தால், மழைக்கும் தாமதத்திற்கும் எந்த அளவு தொடர்பு உண்டு என்பதை ஓர் எண்ணாகவே கூறிவிடலாம். ஒரு நாள் கணக்கு நம்மை ஏமாற்றலாம். ஓராண்டுக் கணக்கு அத்துணை எளிதில் ஏமாற்றாது. இம்முறையையே வாக்கர் உலகக் காற்றுக்குக் கையாண்டார். ஓரிடத்துக் காற்றழுத்தத்திற்கும் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள மற்றோரிடத்து மழைக்கும் இடையே தொடர்பு உண்டா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்.

அக்காலத்தில் கணிப்பொறி கிடையாது. தோட்டத்துக் கிராணி நாள்தோறும் பாலின் எடையைப் பதிவேட்டில் எழுதிக் கூட்டுவதைப் போன்று, இந்திய எழுத்தர்கள் அமர்ந்து, ஆயிரக்கணக்கான எண்களைக் கையாலேயே பெருக்கியும் வகுத்தும் கணக்கிட்டனர். முதல் உலகப் போர்க் காலத்திலும் அப்பணி தொடர்ந்தது. வாக்கரின் புகழுக்கு அடித்தளமாக நிற்பது அவர்களது உழைப்பேயாகும்.

சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளே மழையைப் பொய்க்கச் செய்கின்றன என்று அந்நாளில் அறிஞர் பலர் நம்பினர். வாக்கர் அதனையும் எண்களால் சோதித்தார். குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லையெனக் கண்டு, அக்கருத்தைக் கைவிட்டார். பலர் நம்புவதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதற்கு இது நற்சான்று.

தமிழ் மேதைக்குச் செய்த உதவி

1913-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் வாக்கர் அலுவல் காரணமாகச் சென்னைக்கு வந்திருந்தார். அப்போது சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக இருந்தவர் சீனிவாச இராமானுஜன். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், அவ்விளைஞரின் கணிதக் குறிப்புகளை வாக்கரிடம் காட்டினார். கணிதம் அறிந்த வாக்கர் அவற்றின் அருமையை உடனே உணர்ந்தார். வயிற்றுப் பிழைப்புக் கவலையின்றிச் சில ஆண்டுகள் முழுநேரமும் கணிதத்தில் ஈடுபட இராமானுஜனுக்குப் பல்கலைக்கழகம் உதவுதல் வேண்டும் எனப் பரிந்துரைத்து, பிப்ரவரி 26-ஆம் நாள் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு மடல் எழுதினார். பயன் விரைவில் கிட்டியது. அவ்வாண்டு மே மாதம் முதல் இராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கப்பட்டது. மறு ஆண்டு அவர் இங்கிலாந்து சென்றார். உலகம் அவர் புகழை அறிந்தது.

காற்றின் ஏற்ற இறக்கம்

இருபது ஆண்டு உழைப்பின் பயனாக வாக்கர் கண்ட பேருண்மை இதுவாகும். விளையாட்டுத் திடலில் நீண்ட பலகையின் இரு முனைகளிலும் பிள்ளைகள் அமர்ந்து ஆடுவதை நாம் கண்டிருக்கிறோம். ஒரு முனை உயர்ந்தால் மறுமுனை தாழும். அதைப் போன்றே, பசிபிக் பெருங்கடலில் காற்றழுத்தம் உயரும்போது, இந்துமாக்கடல் பகுதியில் அது தாழ்கிறது. அங்குத் தாழும்போது இங்கு உயர்கிறது. இவ்வாட்டம் ஆண்டுக்கு ஆண்டு மாறுபடுகிறது. இங்கு அழுத்தம் உயரும் ஆண்டுகளில் இந்தியாவிலும் ஜாவாவிலும் மழை குறைய வாய்ப்பு மிகுதி. இதற்கு அவர் 1924-இல் தெற்கத்திய அலைவு என்று பெயரிட்டார். இத்தகைய அழுத்த மாற்றத்தை அவருக்கு முன்னரும் சிலர் கவனித்ததுண்டு. ஆயினும் உலகளாவிய எண்களைக் கொண்டு அதனை நிலைநாட்டியவர் வாக்கரே.

எனினும் அவர் நாடிச் சென்ற பொருள் அவருக்கு முழுமையாகக் கிட்டவில்லை. பருவமழையைப் பல மாதங்களுக்கு முன்னரே உறுதியாகக் கூறும் முறையை அவரால் அமைக்க இயலவில்லை. 1909 முதல் அவர் வகுத்த கணக்கீட்டு முறைகள் சில ஆண்டுகளில் பொருந்தின; சில ஆண்டுகளில் பொருந்தவில்லை. வலுவற்ற குறிகளைக் கொண்டு மக்களுக்கு உறுதிமொழி அளித்தல் தகாது என்பது அவர் கொள்கை. உழவனின் விதை நெல் அம்மொழியை நம்பியிருப்பதை அவர் அறிந்திருந்தார்.

1924-இல் சர் பட்டம் பெற்று ஓய்வுபெற்ற வாக்கர், இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியராகி 1934 வரை பணியாற்றினார். 1958-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள், தம் 90-ஆம் அகவையில் இங்கிலாந்தில் காலமானார். காற்றழுத்தம் அவ்வாறு ஏறி இறங்குவதன் காரணம் அன்றுவரை விளங்கவில்லை. ஆதலின் அவர் கண்டுபிடிப்பின் பெருமையையும் உலகம் முற்றிலும் உணரவில்லை.

மறைந்தபின் கிடைத்த விடை

1969-ஆம் ஆண்டில், நார்வேயிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ஜேக்கப் பியர்க்னெஸ் என்னும் அறிஞர் அவ்விடையைக் கண்டார். வழக்கமான ஆண்டுகளில் வியாபாரக் காற்று பசிபிக் கடலின் வெந்நீரை மேற்கே, இந்தோனேசியத் தீவுகளின் பக்கமாகத் தள்ளிக் குவிக்கிறது. அங்குச் சூடேறிய ஈரக்காற்று மேலெழுந்து மழையைப் பொழிகிறது. மேலெழுந்த காற்று கிழக்கே சென்று, தென் அமெரிக்கக் கரைக்கு அருகில் கீழிறங்கி, மீண்டும் மேற்கு நோக்கி வீசுகிறது. இப்பெரும் சுற்றுக்குப் பியர்க்னெஸ், வாக்கர் சுற்றோட்டம் எனப் பெயர் சூட்டினார்.

சில ஆண்டுகளில் வியாபாரக் காற்று தளர்கிறது. குவிந்த வெந்நீர் கிழக்கே திரும்புகிறது. மேகமும் அதனைப் பின்தொடர்கிறது. பெரு நாட்டு மீனவர்கள் கிறிஸ்துமஸ் காலத்தையொட்டித் தம் கடல் வெப்பமடைவதைக் கண்டு, குழந்தை இயேசுவைக் குறிக்கும் எல் நினோ என்னும் பெயரை அதற்கு இட்டிருந்தனர். வாக்கர் கண்ட காற்றின் ஆட்டமும் மீனவர் கண்ட கடலின் வெப்பமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது அப்போதுதான் புலனாயிற்று.

பழைய பதிவுகளை ஆராய்ந்த அறிஞர்கள், 1877-இலும் மிக வலிய எல் நினோ தோன்றியது எனக் கண்டுள்ளனர். நம் முன்னோரை வாட்டிய பஞ்ச காலத்தில், உலகின் மறுகோடியில் ஒரு கடல் சூடேறிக் கொண்டிருந்தது. அவர்கள் அதனை எங்ஙனம் அறிந்திருக்கக் கூடும்? தம் ஊர் ஏரி வற்றியதை மட்டுமே அவர்கள் அறிவர்.

நம் நாடும் இதற்கு விலக்கன்று. 1997-இல் வலிய எல் நினோ தோன்றியபோது, சுமத்ராவிலும் கலிமந்தானிலும் வறண்ட நிலத்தில் மூட்டப்பட்ட தீ அணையாது பரவி, அப்புகை மலேசிய வானத்தை மூடியது. சரவாக் மாநிலத்தில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 2015-இல் மீண்டும் அவ்வாறு நேர்ந்தபோது பல மாநிலங்களில் பள்ளிகள் மூடப்பட்டன. ஆனால் இக்காலத்தில் எல் நினோ முன்னறிவிப்பின்றி வருவதில்லை. 1994-க்குள் பசிபிக் கடலில் ஏறத்தாழ 70 மிதவைகள் நிறுவப்பட்டு, கடலின் வெப்பமும் காற்றின் வேகமும் அளக்கப்பட்டன. இவையும் செயற்கைக்கோள்களும் தரும் செய்திகளைக் கொண்டு, எல் நினோ வரக்கூடும் என்பதைச் சில மாதங்களுக்கு முன்னரே அறிவிக்க இயல்கிறது. அரிசியைச் சேமிக்கவும் நீரைக் காக்கவும் அரசுகளுக்கு அவகாசம் கிடைக்கிறது. வாக்கர் விரும்பிய பயன் அவர் மறைந்தபின் இவ்வாறு ஓரளவு கைகூடியது.

நாம் கற்க வேண்டியது

மாணவச் செல்வங்களே! வாக்கர் பேரறிவாளர், ஐயமில்லை. ஆனால் அவர் வெற்றிக்கு அறிவு மட்டும் துணை நிற்கவில்லை. பல நாடுகளில், பெயர் தெரியாத பலர், வெயிலென்றும் மழையென்றும் பாராது, நாள்தோறும் குறித்த நேரத்தில் பாரமானியையும் மழைமானியையும் பார்த்து உண்மையான எண்ணை எழுதி வைத்தனர். அவருள் ஒருவர் சோம்பியிருந்து, நேற்றைய எண்ணையே இன்றும் எழுதியிருப்பின், வாக்கரின் கணக்கில் அவ்வளவு உண்மை குறைந்திருக்கும். சிறு கடமையை நேர்மையோடு செய்பவரும் பெரும் கண்டுபிடிப்பில் பங்குடையவரே.

இதனை நாமும் செய்து பார்க்கலாம். நேரான பக்கங்களையுடைய தகரக் குவளை ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, நாள்தோறும் காலையில் அதில் தேங்கிய நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து ஏட்டில் எழுதுக; காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்பதையும் குறிக்க. ஓராண்டு கழிந்ததும், சுங்கை பாக்காப்பில் எம்மாதம் மழை மிகுதி, எம்மாதம் வறட்சி என்பதை உங்கள் கையெழுத்தே உங்களுக்குக் கூறும்.

பெற்றோர்களும் இதற்குத் துணைநிற்றல் வேண்டும். வானத்தைப் பார்த்து மழையைக் கூறும் பட்டறிவு உங்களிடமும் உங்கள் பெற்றோரிடமும் உண்டு. அதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர்கள் அதனை ஏட்டில் எழுதி, சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பட்டறிவும் படிப்பறிவும் ஒரே ஏட்டில் சேரும்போது அறிவியல் பிறக்கிறது. காற்று பொய்த்தமையால் கடல் கடந்த மக்களின் வழித்தோன்றல்கள், காற்றின் கணக்கை எழுதும் கல்வியாளராக உயர்தல் வேண்டும் என்பதே நம் விருப்பம்.